அண்ணியின் இரட்டை முனைப் பென்சில்

போன மாதம் வரை என் தையல் டப்பாவில் ஒரு பென்சில் கிடந்தது. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். அந்தக் காலத்து ஆபீஸ்களில் பெரிய அதிகாரிகள் கோப்பில் டிக் போட வைத்திருப்பார்களே, அந்த ரகம். இரண்டு சாயமும் சந்திக்கிற இடத்தில் மேலோட்டமாக ஒரு பல் தடம். சிவப்புப் பக்கம் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு அப்படியே இருந்தது. நீலப் பக்கத்தைச் சீவிச் சீவி நகத்தளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கொக்கிகளுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவில் அது வேலை வெட்டி இல்லாமல் உருண்டுகொண்டிருப்பதைப் பார்த்து என் மகள், இதையெல்லாம் தூக்கிப் போடமாட்டாயா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பாள். அவளுக்கு என்ன தெரியும். அது அவள் அத்தையின் பென்சில். அந்தப் பல்லும் அவள் அத்தையுடையதுதான்.

மகள் சென்னையில் ஒரு கணினிக் கம்பெனியில் இருக்கிறாள். ஊரார் எழுதிய நிரல்களில் திருடன் நுழைய எங்கெங்கே வழி இருக்கிறது என்று தேடுவது அவள் வேலை. தேடுவது அவள்கூட இல்லை, ஒரு மென்பொருள். இவள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் அது லட்சம் வரியையும் மேய்ந்து முடித்து, சந்தேகமான வரிகளைச் சிவப்பில் காட்டிவிடும். ஒரு விடுமுறையில் மடிக்கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு. இதில் பாதிக்கு மேல் வீண் சந்தேகமாம். "ஒண்ணொண்ணா உக்காந்து பாத்து, இது பரவாயில்ல, இது பரவாயில்லன்னு கழிக்கணும்மா. அதுக்குத்தான் யாருக்கும் பொறுமை கிடையாது" என்றாள். எனக்குச் சட்டென்று திண்டிவனம் ஸ்டேஷனில் காலை வண்டி வந்து நிற்கிற சத்தம் காதில் கேட்டது.

எண்பதுகளின் கடைசி அது. என் அண்ணன் திண்டிவனத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். சென்டர் என்றால் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் பூப்போட்ட உறை, தனி மின்விசிறி, உள்ளே வருபவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு பலகை. சாமிக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு மரியாதை கிடையாது. அண்ணன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. அவனுடைய கெட்டிக்காரத்தனம் அவனுக்கே ரொம்பப் பிடிக்கும், அதிலும் சந்தேகமில்லை. பெண் பார்க்கும்போது, கம்ப்யூட்டர் படித்த பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். தேடிப் பிடித்தோம். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, சென்னையில் விடுதியில் தங்கி ஒரு வருடம் கம்ப்யூட்டரும் படித்து, விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர் அண்ணி. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். கேட்டு வாங்கிய வரம் பின்னால் தன்னையே குடையும் என்று அண்ணனுக்கு அப்போது தெரியாது.

நானும் விழுப்புரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஆகவே நாத்தனாரும் அண்ணியும் தினம் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புவோம். கல்யாணமான புதிதில் வீட்டில் பேச முடியாததையெல்லாம் பேசிக்கொள்ள எங்களுக்குக் கிடைத்த இடம் அந்த ரயில் பெட்டிதான். மயிலத்தில் பூக்கூடைகள் ஏறும், விக்கிரவாண்டியில் கேப்பைக்கூழ் தூக்கோடு வேலையாட்கள் ஏறுவார்கள். நெரிசலில் அண்ணி ஜன்னலோரம் இடம் பிடித்துவிடுவார். அதில் மட்டும் டீச்சர் என்ற கௌரவமெல்லாம் பார்க்க மாட்டார்.

அண்ணன் அப்போது ஒரு மண்டிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தான். மல்லாட்டை மண்டி. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அந்த மண்டியில் விலை வாய்விட்டுச் சொல்லப்படாது. முன்பெல்லாம் வியாபாரி ஒரு துண்டைப் போட்டு, அதற்குள் தரகர் கையைப் பிடித்து, விரலை அழுத்தி விலை சொல்வாராம். பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். பிறகு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடும் பழக்கம் வந்தது. சீட்டை முன்னாலேயே பிரித்துப் பார்க்கிறார்கள் என்று புகார் கிளம்பியதும், மண்டித் தலைவர் அண்ணனிடம் வந்தார். விவசாயி மூட்டைகளைக் களத்தில் கொட்டி அம்பாரம் போடுவார். வாசலில் குமாஸ்தா அவர் பெயரைக் கணினியில் அடிப்பார். வியாபாரிகள் ஒவ்வொருவராக ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய், அதே கணினியோடு இணைத்த இன்னொரு திரையில் தங்கள் விலையை அடிப்பார்கள். எது அதிக விலை என்பதைக் கணினி கடைசியில்தான் சொல்லும். துண்டுக்குப் பதில் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். சி மொழியில் அண்ணன் அதை எழுதி முடித்து, வெள்ளோட்டத்துக்கு நாளும் குறித்துவிட்டான்.

"இதை வேற யாராவது படிச்சிப் பாத்தாங்களா?" என்று அண்ணி சாப்பாடு போடும்போது கேட்டார்.

"படிக்கறதுக்கு அது என்னா தொடர்கதையா? ஓடுது இல்ல, அது போதும்" என்றான் அண்ணன்.

மறுநாள் அண்ணி நிரல் முழுவதையும் காகிதத்தில் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினார். இரண்டு ஓரமும் துளை போட்டு, விசிறி மாதிரி மடிந்துமடிந்து வருமே, அந்தக் காகிதம். மடியில் விரித்து, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, வாயில் அந்தப் பென்சிலைக் கடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். கதை படிக்கிற மாதிரி முதலிலிருந்து படிக்கவில்லை. நிரல் வெளியாளிடமிருந்து எங்கே எதை வாங்குகிறது என்று முதலில் பார்த்தார். வாங்கியதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறது, வைக்கிற இடம் போதுமா என்று விரலால் தொட்டுக்கொண்டே பின்னால் போனார். சில இடத்தில் சிவப்புக் கோடு, சில இடத்தில் நீலப் புள்ளி. எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா வெகு நேரம் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர், ஜாதகமா? இம்மா நீளம் இருக்குதே" என்றது. "ஆமா ஆயா, மண்டி ஜாதகம். எங்க கண்டம் இருக்குதுன்னு பாத்துக்கினு இருக்கறேன்" என்றார் அண்ணி. ஆயா அதை நம்பிவிட்டது. நல்ல ஐயரா பார்த்துப் பரிகாரம் கேளு என்று முண்டியம்பாக்கம் வரும்வரை புத்தி சொல்லிக்கொண்டே வந்தது.

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். என் அண்ணன் ராத்தூக்கம் கெட்டு எழுதியது. வந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாரே என்று தோன்றியது. "என்னா அண்ணி தேடுறீங்க?" என்று கேட்டேன். "துண்டுல கிழிசல் இருக்குதான்னு பாக்கறேன் பாப்பா. கிழிசல் இருந்தா உள்ள இருக்கற வெரல் வெளிய தெரியுமில்ல" என்றார். எனக்கு நிரல் புரியாது, ஆனால் அது புரிந்தது. ஒரு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் திரும்பி வரும்போது, பேரணி ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தபோது, அண்ணி பென்சிலை வாயிலிருந்து எடுத்து ஒரு வரியைச் சிவப்பில் இரண்டு முறை அழுத்தி அடித்தார். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சண்டை. அண்ணி சொன்னது எனக்கு இப்போதும் வரிசையாக நினைவிருக்கிறது. பெயருக்கென்று கணினிக்குள் இருபது கட்டம் ஒதுக்கி வைத்திருந்தான் அண்ணன். அதை ஒட்டினாற்போல் அடுத்த கட்டங்களில், அந்த அம்பாரத்துக்கு இதுவரை கேட்ட அதிக விலை. ஆரம்பத்தில் அது பூஜ்யம். அதைவிட அதிகமாக யார் கேட்கிறாரோ அவருடைய விலை அங்கே போய் உட்காரும். சரி, பெயர் இருபது எழுத்தைத் தாண்டிவிட்டால்? போதும், இடமில்லை என்று சொல்ல அந்த மொழியில் யாரும் கிடையாது, எழுதுகிறவன்தான் சொல்ல வேண்டும். அண்ணன் சொல்லவில்லை. மிச்ச எழுத்துகள் ரயிலில் அடுத்த ஆள் சீட்டில் உட்காருகிற மாதிரி விலைக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த எழுத்துகள் கணினிக்கு எழுத்தாகத் தெரியாது, பிரம்மாண்டமான ஒரு விலையாகத் தெரியும். அதற்குமேல் எந்த வியாபாரி கேட்பான்? எல்லாரையும் தள்ளிவிட்டு, இந்தச் சரக்கு விலை போகவில்லை என்று சொல்லிவிடும். விலை போகாத மல்லாட்டையை யாரும் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. சாயங்காலம் மண்டி வாசலில் எவனாவது அடிமாட்டு விலைக்குக் கேட்பான், கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"இருபது எழுத்துக்கு மேல எவன் பேரு வெக்கறான்?" என்றான் அண்ணன். "நான் ஏழுமலைன்னு அடிச்சிப் பாத்தேன், முனுசாமின்னு அடிச்சிப் பாத்தேன், நல்லாத்தான் ஓடிச்சி."

"தானா நடந்தா அது விபத்துங்க. தெரிஞ்சவன் ஒருத்தன் வாசல்ல பேரு அடிக்க உக்காந்தா? யார் சரக்கு விக்கக் கூடாதுன்னு நெனைக்கறானோ, அவரு பேர நீட்டி அடிச்சா போதும். சாயங்காலம் வெளிய நின்னு வாங்கிக்கலாம்."

"நம்மூரு மண்டியில யாரு இப்படியெல்லாம் யோசிக்கப் போறாங்க?"

"நானே யோசிச்சிட்டேனே. நான் என்னா திருடியா?"

அண்ணன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தான். "குத்தம் கண்டுபிடிக்கறதுக்குன்னே பொறந்திருக்கறா" என்று கொல்லைப் பக்கம் பார்த்துச் சொன்னான். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னான். அன்றைக்கு வேடிக்கையில்லை. அண்ணி காகிதத்தைப் பையில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். வெள்ளோட்டம் முடியும்வரை இருவருக்கும் பேச்சு இல்லை. உப்பு வேண்டும் என்றால்கூட என் வழியாகத்தான் போகும், வரும். பேஜாரான வாரம் அது.

வெள்ளோட்டத்தன்று நான் லீவு போட்டுவிட்டு மண்டிக்குப் போனேன். அண்ணி வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு வண்டி ஏறிவிட்டார். பையில் காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. மண்டியில் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டுக் குங்குமம் வைத்திருந்தார்கள். வெள்ளோட்டம் என்றாலும் விற்பனை நிஜம், சரக்கு நிஜம். களம் முழுக்க மல்லாட்டை கொட்டிக் கிடந்தது, மண் வாசனையோடு. வியாபாரிகள் குனிந்து ஒரு கை அள்ளி, உடைத்துப் பருப்பைப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டு, தடுப்புக்குப் பின்னால் போய் ஒற்றை விரலால் விலையை அடித்துவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி வெளியே வந்தார்கள். அம்பாரம் அம்பாரமாக விலை போனது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எங்கள் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சந்தையில் நின்று ஏழுமலை என்று கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதே மண்ணில் பிறந்து, அதே ஏழுமலைகளோடு படித்து வளர்ந்த என் அண்ணன், ஏழுமலை என்று வெறும் பெயரை மட்டும் அடித்துச் சோதித்திருந்தான். வெறும் ஏழுமலை எந்த ஊரில் இருக்கிறார்? அன்று காலையிலேயே மயிலம் ஏழுமலை ஒருவர் வந்து விற்றுவிட்டுப் போயிருந்தார். மதியத்துக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய இன்னொருவர் வந்தார். குமாஸ்தா கண்ணும் கருத்துமான ஆள். ஒருவர் சரக்கு இன்னொருவர் பெயரில் போய்விடக் கூடாதே என்று, "எந்த ஏழுமலை?" என்று கேட்டார்.

"பெருமுக்கலுங்க. மேட்டுத் தெரு சின்னக்கண்ணு மவன் ஏழுமலைங்க."

குமாஸ்தா ஒன்று விடாமல் ஆங்கில எழுத்தில் அடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். டைப்பிஸ்ட் இல்லையா, எழுத்தை எண்ணுகிற பழக்கம் விரலுக்குத் தானாக வரும். இருபதைத் தாண்டி அது ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணனைத் தேடினேன், அவன் மண்டித் தலைவரோடு சோடா குடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் வியாபாரிகள் தடுப்புக்குப் பின்னால் போய்வந்துவிட்டார்கள். குமாஸ்தா திரையைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெருமுக்கல் ஏழுமலை, வெல போவல" என்றார்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு களத்துக்குப் போய்த் தன் அம்பாரத்திலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று, அதைப் பார்த்தே ஒன்றை உடைத்தார். "ஏன் சாமி, என் மல்லாட்ட என்னா சொத்தையா? பருப்ப பாரு. நல்லா பாரு" என்றார். கம்ப்யூட்டருக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிவப்பாக, கொழுகொழுவென்று, அன்றைக்கு வந்ததிலேயே நல்ல பருப்பு அது. பின்னால் நின்ற ஒரு வியாபாரி அவர் தோளில் கை போட்டு, "மெஷினே வாணாம்னு சொல்லிடிச்சி, என்னா பண்றது? சாயங்காலம் பாக்கலாம் வா, நான் எடுத்துக்கறேன்" என்று ஆறுதல் சொன்னார். அண்ணி சாப்பாட்டில் சொன்ன அதே சாயங்காலம்.

அண்ணன் சோடா பாட்டிலைக் கீழே வைத்தான். நேராகக் குமாஸ்தாவிடம் வந்து, "எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து, பெயரை மட்டும் சுருக்கமாக அடித்தான். வியாபாரிகளை மறுபடி ஒருமுறை விலை போடச் சொன்னான். முணுமுணுத்தார்கள், போட்டார்கள். இந்த முறை அந்த மல்லாட்டை அன்றைய நல்ல விலைகளில் ஒன்றுக்குப் போனது. அதோடு விட்டிருக்கலாம். கரண்டில் கோளாறு என்று சொன்னால் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது. அண்ணன் எழுந்து நின்றான்.

"தப்பு மெஷினு மேல இல்லீங்க. நான் எழுதனதுல. பேரு நீளமா போனா வெல கெட்டுப் போவும்னு என் வீட்டுக்காரம்மா போன வாரமே சொன்னாங்க. நான் கேக்கல."

மண்டி நிறைய ஆம்பிளைகள். பொண்டாட்டி சொன்னாள், நான் கேட்கவில்லை என்று அந்த இடத்தில் அன்றைக்கு இன்னொருவன் சொல்லியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. என் அண்ணன் எத்தனையோ பெருமையடித்து நான் கேட்டிருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது அன்றைக்குத்தான். மண்டித் தலைவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு, "அப்ப அந்தம்மா மிச்சத்தையும் பாத்து முடிக்கட்டும். அப்பறமா மெஷின வெச்சிக்கலாம். அதுவரைக்கும் சீட்டே ஓடட்டும்" என்றார்.

சாயங்காலம் அண்ணன் ஸ்டேஷனுக்குப் போனான். கல்யாணமானதிலிருந்து அவன் ஒருநாளும் அங்கே வந்து நின்றதில்லை. நானும் கூடப் போனேன், உப்பு கேட்க ஆள் வேண்டுமே. வண்டியிலிருந்து இறங்கிய அண்ணி எங்களைப் பார்த்ததும், வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார். "பெருமுக்கல் ஏழுமலை" என்று மட்டும் சொன்னான் அண்ணன். அண்ணிக்குப் புரிந்துவிட்டது. "வித்துதா?" என்றார். அதுதான் முதல் கேள்வி. விற்றது என்றதும் ஒரு பெருமூச்சு விட்டார். பிளாட்பாரப் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். அண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கி மடியில் பிரித்துப் பார்த்தான்.

"இன்னும் எத்தன செகப்பு இருக்குது?"

"உங்க கண்ணுக்குச் செகப்புதான் தெரியும். நீலத்த பாத்தீங்களா?"

"நீலம் என்னா?"

"சந்தேகப்பட்டு, பின்னாடியே போயி பாத்து, இங்க யாரும் நுழைய முடியாது, இவரு சரியாத்தான் எழுதியிருக்கறாருன்னு விட்ட எடம்."

அண்ணன் இருட்டிய பிறகும் பிளாட்பார விளக்குக்கம்பத்தடியில் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் இரண்டு பேரும் தலையோடு தலை மோதிக்கொண்டு நிரலைத் திருத்தினார்கள். கிழிசல் தைத்த துண்டு மண்டிக்குப் போனது, சில காலம் நன்றாகவே ஓடியது. வேலை முடிந்ததும் அண்ணி, "நீ துணியில கோடு போட வெச்சிக்க பாப்பா" என்று அந்தப் பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டார். துணியில் அது பிடிக்கவேயில்லை. அப்படியே டப்பாவில் போட்டேன்.

அண்ணி போய் ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் அண்ணன் என் வீட்டுக்கு வந்திருந்தான். சட்டையில் ஒரு பட்டன் விட்டுப்போயிருந்தது. அதையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள். கழற்றிக் கொடு என்று சொல்லி டப்பாவைத் திறந்தேன். பனியனோடு உட்கார்ந்திருந்தவன் பென்சிலைப் பார்த்துவிட்டான். எடுத்து, பல் தடத்தைத் தடவினான். வழக்கம்போல, "குத்தம் கண்டுபிடிக்கறதுக்குன்னே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினான். பென்சிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினான்.

"இந்த நீலம் நீ துணிக்குத் தேச்சதா?"

"இல்லண்ணா. துணியில அது எழுதாது. அண்ணி குடுத்தப்ப எப்படி இருந்துதோ அப்படியேதான் கெடக்குது."

நீல முனையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் பட்டனைத் தைத்து, நூலைக் கடித்து, சட்டையை நீட்டினேன். போட்டுக்கொண்டான். பென்சிலைத் திரும்பத் தரவில்லை. பையில் செருகி, மேலே கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "வர்றேன் பாப்பா" என்று கிளம்பினான்.